கடைசிக் கேள்விக்கு முன்னால் எழுதும் எண்

தஞ்சாவூரில் நாங்கள் வருஷா வருஷம் கலந்துகொள்ளும் வினாடி வினாவில் கடைசிக் கேள்விக்கு மட்டும் தனி விதி உண்டு. அதுவரை எடுத்த மதிப்பெண்ணில் எவ்வளவு வேண்டுமானாலும் பணயம் வைக்கலாம். பதில் சரியென்றால் வைத்தது கூடும், தப்பென்றால் வைத்தது போகும். கேள்வி எந்தத் துறையிலிருந்து வரப்போகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்வார்கள். பணயத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கேள்வியை வாசிப்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1964-இல் தொடங்கிய 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்கொண்ட முறை இது.

இதைச் சூதாட்டம் என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சாதாரணப் போட்டியில் முதல் அணி இருபது மதிப்பெண் முன்னால் இருந்து, கடைசிக் கேள்விக்குப் பத்துதான் என்றால், கேள்வி வருவதற்குள் கூட்டம் செருப்பைத் தேடப் போய்விடும். இந்த விதி இருந்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், தெரிந்ததைச் சொல்வதோடு நமக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் அளந்து பார்க்க வைக்கிறது. படிப்பில் யாரும் சொல்லித்தராத பாடம் அது.

சென்ற முறை நாங்கள் ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்று பல பேர் கேட்டார்கள். புதிதாக வினாடி வினாவுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் அணியில் மூன்று பேர். நான், கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். நான் அவரிடம் படித்தவள், இன்றைக்கும் எனக்கு அவர் சார்தான். கடைசிக் கேள்விக்கு முன் மேடையில் மூன்று அணிகள் மிஞ்சின. மருத்துவ மாணவர்கள் 130, நாங்கள் 110, பாபநாசத்திலிருந்து வந்திருந்த ஒரு அண்ணனும் இரண்டு தங்கைகளும் 60.

"நில அளவையும் வரைபடமும்" என்று துறையை அறிவித்தார் வினாடி வினா நடத்துபவர். பையன் முகம் மலர்ந்துவிட்டது.

"சார் இருக்கும்போது என்ன அத்தை பயம்? நூத்திப் பத்தையும் வச்சிருவோம்."

"இருப்பா," என்றார் சார். "மொதல்ல அவங்க எவ்வளவு வைப்பாங்கன்னு பாரு. நம்ம கணக்கு அப்புறம்."

சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கம் 130, 110, 60 என்று மூன்று எண்ணையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். பக்கத்திலேயே மூன்றின் இரட்டிப்பு: 260, 220, 120. இந்த ஆறு எண்களை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான், மனக்கணக்காக இல்லாமல் காகிதத்தில். மேடையில் இருக்கும்போது 220-லிருந்து 130 போனால் எவ்வளவு என்பதுகூடச் சட்டென்று வராது.

முதலிடத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? நாங்கள் எல்லாவற்றையும் வைத்துச் சரியாகச் சொன்னால் 220. அதை ஒன்றால் தாண்ட அவர்களுக்கு 221 வேண்டும். ஆகவே 91 வைப்பார்கள். சரியாகச் சொன்னால் கோப்பை அவர்களுக்குத்தான், நாங்கள் தலைகீழாக நின்றாலும் எட்ட முடியாது. தப்பாகச் சொன்னால் 39-க்கு இறங்கிவிடுவார்கள். இதில் புரிந்துகொள்ள வேண்டியது, இரண்டாம் இடத்தில் இருப்பவர் ஜெயிப்பது அநேகமாக முதல் அணி தவறும்போது மட்டும்தான். அப்படியென்றால், அவர்கள் தவறினால் நாம் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் பணயம் வைக்க வேண்டும்.

பையன் சொன்னபடி 110-ஐயும் வைத்துத் தவறியிருந்தால் பூஜ்யம். முதல் அணி 39-க்கு விழுந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒன்றுமே வைக்காமல் 110-இல் நின்றால்? கீழே இருக்கும் 60 இரட்டித்து 120 ஆகிவிடும், நம்மைத் தாண்டிவிடுவார்கள். மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து வருகிறவர்களை மறந்துவிடுவது இரண்டாம் இடத்தில் இருப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது.

சார் இரண்டு எல்லை போட்டார். கீழ் எல்லை 21. முதல் அணி ஒன்றுமே வைக்காமல் 130-இல் நின்றுவிட்டாலும், நாங்கள் சரியாகச் சொன்னால் 131 வரும். மேல் எல்லை 49. நாங்கள் தவறினாலும் 61 மிஞ்சும். கீழ் அணி ஒன்றும் வைக்காமல் 60-இல் இருந்தாலும், மேல் அணி 91 வைத்துத் தவறி 39-க்கு வந்தாலும் எங்கள் 61 மேலே இருக்கும். மூன்று பேருமே தவறினால் கோப்பை எங்களுக்கு. 21-க்கும் 49-க்கும் இடையில் எதை வைப்பது என்பதற்கு நான் சொன்ன காரணம்: மேல் அணி பயந்து போய் இருபது இருபத்தைந்து மட்டும் வைத்துச் சரியாகச் சொன்னால், அதையும் தாண்ட வேண்டும். ஆகவே மேல் எல்லையிலேயே நிற்போம். 49 என்று எழுதி மடித்துக் கொடுத்தோம்.

பையனுக்கு மனசு ஆறவில்லை. அவனுக்காக ஜெப்பர்டியில் நடந்த இரண்டு ஆட்டங்களை இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் வீட்டில் பழகும்போது திரும்பத் திரும்பப் பேசுவதும் இந்த இரண்டைத்தான்.

முதலாவது 2019 ஜூன் 3-ஆம் தேதி ஒளிபரப்பானது. ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் என்ற தொழில்முறைப் பந்தயக்காரர் தொடர்ந்து 32 ஆட்டங்கள் ஜெயித்துவிட்டு வந்திருந்தார். எதிரே எம்மா பெட்சர், சிகாகோ பல்கலைக்கழக நூலகர். கடைசிக் கேள்விக்கு முன் எம்மாவிடம் 26,600 டாலர், ஜேம்ஸிடம் 23,400, மூன்றாமவரிடம் 11,000. எதற்கும் துணிந்தவர் என்று பெயர் வாங்கிய ஜேம்ஸ் வெறும் 1,399 டாலர்தான் வைத்தார். பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி, வேண்டுமென்றே தோற்றார் என்றுகூடப் பேசினார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றாமவர் இரட்டித்தால் 22,000. ஜேம்ஸ் தவறினால் மிஞ்சுவது 22,001. எம்மா தவறினால் மட்டுமே தனக்கு வாய்ப்பு என்று தெரிந்து, அந்த ஒரு வாய்ப்பை மூன்றாமவர் தட்டிப் பறிக்காதபடி வேலி போட்டார். எம்மாவும் தன் பங்குக்கு 20,201 வைத்தார். ஜேம்ஸின் இரட்டிப்பு 46,800, அவர் எட்டியது 46,801. மூவருமே கிறிஸ்டோபர் மார்லோ என்று சரியான பதிலை எழுதினார்கள். ஜேம்ஸ் சரியாகச் சொல்லியும் தோற்றார். அவர் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதுதான் என் கருத்து. அவருடைய தோல்வி கடைசிக் கேள்விக்கு முன்பே, எம்மா 3,200 டாலர் முன்னால் போனபோதே நடந்துவிட்டது.

இரண்டாவது ஆட்டம் வேறு மாதிரி. அதைக் கேள்வியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் ஒன்று. 'கோடீஸ்வரி' மாதிரித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்த முறையில் திண்டாடுவார்கள். 2020-இல் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா, காது கேளாத, வாய் பேச முடியாத நிலையிலும், ஒரு கோடி ரூபாயை வென்றாரே, அந்தப் போட்டியில் கேள்வியைப் பார்த்துவிட்டு விலகிக்கொள்ள வழி இருந்தது. எதிரே இன்னொரு போட்டியாளரும் கிடையாது. இங்கே கேள்வியைப் பார்க்கும் முன்பே பணயச் சீட்டு கையை விட்டுப் போய்விடும். கேள்வி வந்த பிறகு "ஐயோ, இன்னும் வச்சிருக்கலாமே" என்று நினைத்தால் அந்த நினைப்பே பதிலைக் கெடுக்கும். சீட்டு போனதும் எண்ணை மறந்துவிட வேண்டும்.

கேள்வி வந்தது. நான் குறித்துக்கொண்டபடி:

"1808-ஆம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, ஏறக்குறைய அரை டன் எடையுள்ள அளவைக் கருவி சுவரில் மோதிச் சேதமானது. அதைத் தாமே சரிசெய்து பணியைத் தொடர்ந்த நில அளவையாளர் யார்?" நேரம் முப்பது விநாடி.

"எவரெஸ்ட்," என்றான் பையன் காதோரமாக. அவன் மேல் தப்பில்லை. இந்திய நில அளவை என்றவுடன் யாருக்கும் முதலில் வருகிற பெயர் அதுதான். சிகரத்துக்கே வைத்த பெயராயிற்றே.

சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் சீட்டில் "1808" என்று மட்டும் எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டேன். இது என் பழக்கம். கேள்வியில் ஒரு வருஷம் இருந்தால் அது அலங்காரத்துக்கு வந்ததில்லை. எளிதாக வரும் பெயரை வெளியே நிறுத்துவதற்காகத்தான் கேள்வி தயாரிப்பவர் அதை வைத்திருப்பார்.

"சார், 1808-ல எவரெஸ்ட் சர்வேல இருந்தாரா?"

"இல்லம்மா. அவர் சர்வேக்கு வந்தது 1818. அதுக்கு முன்னாடி எல்லாம் லாம்டன்தான். பரங்கிமலைகிட்ட 1802-ல கோடு அளந்து ஆரம்பிச்சவர்."

"எவ்வளவு உறுதி சார்?"

"உறுதி."

இந்த ஒரு கேள்வியைக் கேட்பது மூன்று பேர் அணிக்கு ரொம்ப அவசியம். இரண்டு பேர் இரண்டு பதில் சொல்லும்போது குரல் உயர்ந்தவர் பதில்தான் சீட்டில் ஏறும், அது இயற்கை. நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, ஒவ்வொருவரும் பதிலோடு 'உறுதி', 'பாதி', 'குத்துமதிப்பு' என்று மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பையனைக் கேட்டேன், "குத்துமதிப்பு அத்தை" என்றான் உடனே. மூத்தவர் என்பதற்காகச் சார் பதிலை எடுக்கவில்லை, உறுதி என்றதால் எடுத்தோம். பேனா யார் கையில் என்பதையும் போட்டிக்கு முன்பே பேசி வைத்திருப்போம். கடைசி விநாடியில் பேனாவைப் பிடுங்கும் அணிகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ஆட்டத்தை இங்கே சொன்னால் பொருத்தமாக இருக்கும். கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டங்கள் ஜெயித்துவிட்டு, 2004 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தில் நான்சி ஸெர்க் என்பவரிடம் தோற்றார். அப்போது கென்னிடம் 14,400, நான்சியிடம் 10,000. கேள்வியின் சாரம் இது: இந்த நிறுவனத்தின் பருவகால அலுவலகப் பணியாளர்கள் 70,000 பேரில் பெரும்பாலானோர் வருடத்தில் நான்கு மாதம் மட்டுமே வேலை செய்கிறார்கள், எந்த நிறுவனம்? கென் எழுதியது ஃபெட்எக்ஸ். பருவகாலம் என்றதும் கிறிஸ்துமஸ் பார்சல்கள் நினைவுக்கு வருவது சகஜம். ஆனால் பார்சல் தூக்குபவர்கள் அலுவலகப் பணியாளர்கள் இல்லை, கிறிஸ்துமஸ் நெரிசலும் நான்கு மாதம் நீடிக்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அமெரிக்காவில் வருமான வரி தாக்கல் செய்யும் காலம். பதில் ஹெச் அண்ட் ஆர் பிளாக், வரிக் கணக்கு தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம். கேள்வியில் இருந்த இரண்டு விவரங்கள் ஃபெட்எக்ஸைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தன.

அந்த ஆட்டத்தின் பணயங்களையும் பாருங்கள். கென் 5,601 வைத்தார். சரியாகச் சொல்லியிருந்தால் 20,001, நான்சியின் இரட்டிப்பைவிட ஒரு டாலர் அதிகம். எங்கள் எதிரணியின் 91 எப்படி வந்ததோ, அதே கணக்கு. நான்சி 4,401 வைத்து 14,401 எட்டினார், கென் ஒன்றும் வைக்காமல் நின்றிருந்தால்கூட ஒரு டாலரில் தாண்டும்படி. எங்கள் 21 இதுதான். இருவருமே கணக்கில் பிசகவில்லை. ஆட்டத்தைத் தீர்த்தது 'நான்கு மாதம்'.

சீட்டில் 'லாம்டன்' என்று மட்டும் எழுதினேன். "வில்லியம்னு முழுசா எழுதலாமே," என்றார் சார். வேண்டாம் என்றேன். முழுப்பெயர் கேட்காத இடத்தில் முழுப்பெயர் எழுதுவது ஆபத்து. கூடுதலாக எழுதும் ஒவ்வொரு எழுத்தும் தப்பாகப் போக இன்னொரு வழி. 2013-இல் ஜெப்பர்டியின் சிறுவர் வாரத்தில் ஒரு மாணவர் சரியான பதிலையே எழுதியும், நடுவில் ஓர் எழுத்து கூடி உச்சரிப்பு மாறிப்போனதால் பதில் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். கொட்டை எழுத்தில், ஒரு சொல்லில் முடித்துவிடுங்கள்.

கீழேயிருந்து மேலாகச் சீட்டுகளைப் பிரித்தார்கள். பாபநாசம் பிள்ளைகள் லாம்டன் என்று எழுதியிருந்தார்கள், பணயம் அறுபதும். 120! அரங்கம் கைதட்டியது. நாங்கள் ஒன்றும் வைக்காமல் 110-இல் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்திலேயே எங்கள் ஆட்டம் முடிந்திருக்கும். அடுத்தது எங்கள் சீட்டு. லாம்டன், 49. மொத்தம் 159. பையன் என் கையை இறுக்கிப் பிடித்தான். மருத்துவ மாணவர்கள் சீட்டைப் பிரிக்கும் முன்பே அவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். எவரெஸ்ட், 91. மிச்சம் 39.

அவர்கள் வைத்த எண் மிகச் சரியான எண். மேடையிலிருந்து இறங்கியதும் நேரே போய் அதைச் சொன்னேன். அதிகம் வைத்ததால்தான் தோற்றோம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த முறை பயந்து கம்மியாக வைத்தால் அதுதான் நிஜமான நஷ்டம். எண் சரியாக இருந்து பெயர் தவறினால் பெயருக்குத்தான் படிக்க வேண்டும், எண்ணில் கை வைக்கக் கூடாது. பெயர் சரியாக இருந்து எண் தவறினால் கணக்கைப் பழக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "கடைசிக் கேள்வியில் கோட்டை விட்டுட்டோம்" என்று மொத்தமாகச் சொல்லிக்கொள்பவர்கள் அடுத்த வருஷமும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பாபநாசம் பிள்ளைகளில் சின்னவளிடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெரிய கோயிலுக்குப் போனபோது ஒரு கைடு வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று கேட்டாளாம். கேட்டதை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். எட்டாவதுகூடப் படிக்காத பிள்ளை. அவளை எங்கள் அணிக்கே இழுத்துக்கொள்ளலாமா என்று சார் அங்கேயே கேட்டுவிட்டார்.

பிறகு காபி குடிக்கும்போது சார் அந்தக் கருவியின் கதையை முழுசாகச் சொன்னார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டு போனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். காவிரிப் படுகையில் ஏறி நின்று பார்க்க மலை கிடையாது, எங்கு திரும்பினாலும் தோப்பு மறைக்கும். அதனால் லாம்டன் கோயில் கோபுரங்களையே மேடையாக வைத்து அளந்தார். கயிறு அறுந்து வளையம் நெளிந்தபோது, கூடாரத்தை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து நிமிர்த்தினார். 1823-இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார். 1865-இல் சிகரத்துக்குச் சூட்டியது அடுத்து வந்தவரின் பெயரை.

விடை தெரிந்தவுடன் போட்டி முடிந்தது என்று எழுந்துவிடாமல் அதன் முன்கதை பின்கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நான் அறிந்த ஒரே நல்ல தயாரிப்பு. பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தால் 'யார்' மட்டும் தெரியும். கடைசிக் கேள்வி கேட்பது அநேகமாக 'எப்போது, யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால்' என்பதை. இப்போது வீட்டில் பழகும்போது பையன் பதிலைச் சொன்னால் மட்டும் போதாது. கேள்வியில் எந்தச் சொல் எந்தத் தப்பான பதிலை விலக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் சலித்துக்கொண்டான். இப்போது அவனே கேள்வி எழுதி எங்களை மடக்குகிறான்.

ஒரு விஷயம் பாக்கி. மதிப்பெண் சமமானால் என்ன விதி என்று பணயச் சீட்டு எழுதும் முன்பே நடத்துபவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜெப்பர்டியில் முன்பெல்லாம் முதலிடத்தில் சமமானால் இருவருமே வெற்றியாளர்கள், இருவரும் அடுத்த ஆட்டத்துக்கு வருவார்கள். இப்போது கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு ஒருவரைத்தான் எடுக்கிறார்கள். விதி எது என்பதைப் பொறுத்து அந்த ஒரு மதிப்பெண்ணைக் கூடுதலாக வைப்பதா இல்லையா என்பது மாறும். எங்கள் ஊரில் சமமானால் ஒரே ஒரு பஸ்ஸர் கேள்வியாம், பையன் போய் விசாரித்துவிட்டு வந்தான். சாருக்குப் பஸ்ஸரில் கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஆகவே அந்தக் கேள்விக்குப் பொத்தான் பையன் பக்கம் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.